ஆமைக்கரையும் வாடகை வீடும்

1

போன வாரம் என் பேத்திக்கு ஒரு வயது நிறைந்தது. படங்களை ஊருக்கு அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து தாணு கூப்பிட்டான். வருவாய்த்துறையில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றவன். வாழ்த்தைச் சொல்லி முடிக்கும் முன்பே விசாரணையைத் தொடங்கிவிட்டான்.

"விழா எங்கவே வச்சீரு? படத்துல மவளுக்க வீடு மாதிரி இல்லியே."

"எனக்க வீட்டுல."

"உமக்கு அங்க ஏதுவே வீடு? இங்க உள்ளத வித்துட்டுல்லா மவ வீட்டுக்குப் போனீரு?"

"இது வாடகை வீடு."

"அப்போ மவ வீடு?"

"அதுவும் உண்டு. ரெண்டு தெரு தள்ளி."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "மருமவன்கூட சண்டையா?"

"சண்டை ஒண்ணும் இல்லவே. ஆமை பாக்கப் போனோம். அதுல வந்த வினை."

"ஆமையா? இங்கயும் இப்ப வனத்துறைக்காரங்க ராத்திரி கடக்கரையில ஆம காட்டுகாங்க. எனக்க பேரனும் காலேஜ் பிள்ளையளோட போயிட்டு வந்தான். அவன் வந்து வாடகைக்கு வீடு ஒண்ணும் எடுக்கலியே!"

போனில் விளக்க முடியவில்லை. எழுதினால் எனக்காவது விளங்குமா என்று பார்க்கிறேன். அவசரமும் இருக்கிறது. அந்த வீட்டின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கப் போகிறீர்களா, காலி செய்யப் போகிறீர்களா என்று வீட்டு ஏஜெண்டு மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். ஆபீசாக இருந்தால் 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவேன். இங்கே அடுத்த மேஜையில் என் மனைவி செண்பகம் இருக்கிறாள். அவளுடைய பதில் எனக்குத் தெரியும். என்னுடையதுதான் தெரியவில்லை.

2

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கரும்புக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர். கொஞ்ச தூரத்தில் கடல். மகள் சுபாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. மருமகன் கார்த்தி சர்க்கரை ஆலையில் என்ஜினியர், பொள்ளாச்சிக்காரர். எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா" என்பார். நேர் எதிரானதைச் சொன்னாலும் "சரிங்க மாமா"தான். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தக் கமிஷன் போட்டாலும் முடியாது.

நான் ஓய்வு பெற்றதும் வடசேரி வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தோம். பூட்டிய வீடு என்ன ஆகும் என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் மாவட்டத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. முதலில் கரையான் வரும், அடுத்து பக்கத்து வீட்டுக்காரன் சுவர், அதன் பிறகு வழக்கு. வாடகைக்கு விட்டால் வழக்கு முதலிலேயே வந்துவிடும். இதையெல்லாம் செண்பகத்திடம் வரிசையாகச் சொன்னேன். அவள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம் என்பது ஆபீஸ் வழக்கம். குடும்பத்திலும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து சுபா உண்டானாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தாம் மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தியம்மா போனில் வந்தார். நல்ல மனுஷி. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, ஏழாம் மாசம் நல்ல நாள் பாத்தாச்சுங்களா? புள்ளைய எப்பங்க உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

செண்பகம் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "பாத்துட்டுச் சொல்லுகேன்" என்று வைத்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

நம் பக்கத்து வழக்கம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். மகளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பிறந்த பிறகு திரும்பக் கொண்டு விடுவார்கள். ஒழுங்கான நடைமுறை. இதில் ஒரே ஒரு முன்நிபந்தனை உண்டு. எழுதி வைக்க வேண்டிய தேவையே வராத அளவுக்குச் சாதாரணமானது. தாய்வீடு என்று ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

நாங்கள் மகளின் வீட்டில் குடியிருந்தோம். முந்திரிக்கொத்தை அவள் அடுப்பில் பொரித்து, அவள் பாத்திரத்தில் வைத்து, அவள் மேஜையில் பரப்பி, அவளை அவளுடைய அறையிலிருந்து அவளுடைய ஹாலுக்கு அழைத்து வரலாம். அதற்கு மேல் கூட்டிக்கொண்டு போக இடமில்லை.

3

சுபாவுக்கு இது பிரச்சினையாகவே தெரியவில்லை.

"அம்மா, பொண்ணுங்க அம்மா வீட்டுக்குப் போறது எதுக்கு? அம்மா பாத்துக்கணும்னுதானே? நீங்க இங்கயே இருக்கீங்க. பிராப்ளம் சால்வ்டு."

"மக்கா, இது உனக்க வீடு."

"உங்க வீடும்தான்."

"அப்பிடிச் சொல்லலாம். எனக்க வீடு ஆகாது."

சுபாவுக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா இதை வெளிநாட்டு ஓட்டல்னு நினைச்சா இருந்தீங்க?" என்று கேட்டாள். செண்பகம் துணி மடிக்கத் தொடங்கினாள். கார்த்தி உள்ளே வந்து இருவரையும் பார்த்துவிட்டு "சரிங்க" என்று சொல்லி வெளியே போனார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஊருக்குப் போவதைப் பற்றியும் யோசித்தோம். செண்பகத்தின் அண்ணன் தோவாளையில் பூக்கடை வைத்திருக்கிறார். "இங்க கொண்டு வாட்டீ, எனக்க வீடு உனக்க வீடு இல்லியா?" என்றார். வீடியோவில் அவர் பின்னால் நின்ற அண்ணி எதுவும் சொல்லவில்லை. ஆட்சேபணை இல்லாததெல்லாம் சம்மதம் என்று சொன்ன நானே இந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் சுபாவுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். ஊர் முடிந்தது.

செண்பகம் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அது இன்னும் மோசம். காலையில் எழுந்து சமையலறையில் எதையாவது எடுக்கும் முன் "இத எடுக்கட்டா மக்கா?" என்று மகளிடம் கேட்க ஆரம்பித்தாள். சர்க்கரை டப்பாவுக்குக் கூட அனுமதி. சுபா அதற்காகவே அழுதாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விருந்தாளியாக்கிக்கொண்டிருந்தார்கள்.

4

இந்த நிலையில்தான் கார்த்தி ஒருநாள், "எல்லாரும் ஆமை பாத்துட்டு வரலாமுங்களா?" என்றார். அவர் தானாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுக்க மனம் வரவில்லை.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கடற்கரை. கோடையில் கடலாமைகள் கரையேறி முட்டையிடும். முன்பு இட்ட முட்டைகளிலிருந்து குஞ்சுகளும் அப்போது வெளிவரத் தொடங்கும். இருட்டிய பிறகு வழிகாட்டிகள் ஆட்களைக் குழு குழுவாக அழைத்துப் போய்க் காட்டுவார்கள். முன்பதிவு உண்டு, குழுவுக்கு எண் உண்டு. கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரையில் ஆமை ஏறினால் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஏறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், யாரிடமும் முறையிட முடியாது. டார்ச் அடிக்கக்கூடாது, பேசக்கூடாது, ஆமைக்கு முன்னால் போகக்கூடாது. எல்லாவற்றையும் தொப்பி போட்ட ஒரு பெண் ஒருமுறை சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். எத்தனையோ குறைதீர்க்கும் கூட்டங்களை நடத்தியவன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் எண் வந்தது. தொப்பி போட்ட அந்தப் பெண்தான் வழிகாட்டி. மணலில் வரிசையாக நடந்தோம். சுபாவை ஒரு கையால் கார்த்தியும் மறு கையால் செண்பகமும் பிடித்துக்கொண்டார்கள். மெல்லிய வெளிச்சத்தில் ஒரு பெரிய பாறை மாதிரி ஆமை கிடந்தது. பின்னங்கால்களால் குழி தோண்டி முடித்திருந்தது. முட்டைகள் விழுந்தன. அது பெருமூச்சு விட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது அழுகை இல்லை, உப்பை வெளியேற்றுகிறது என்று வழிகாட்டி கிசுகிசுத்தாள்.

"என்ன சொல்லுகா?" என்று செண்பகம் கேட்டாள்.

"அழுகை இல்லியாம். உப்பாம்."

"அவளுக்குத் தெரியும்!" என்றாள் செண்பகம். வழிகாட்டியைச் சொன்னாளா, ஆமையைச் சொன்னாளா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு வழிகாட்டி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். இந்த ஆமை இந்தப் பக்கத்துக் கரையில் பிறந்ததாக இருக்கும். கடலெல்லாம் சுற்றிவிட்டு, முட்டையிடத் தான் பிறந்த கரையைத் தேடித் திரும்பி வந்திருக்கிறது. குழுவில் இருந்தவர்கள் "ஓ" என்றார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏனோ என் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். வெளிநாட்டில் வாழ்கிறவனை எந்தப் பிராணியோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார்கள். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். பழக்க தோஷம், ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன்.

செண்பகம் மகளைப் பார்த்தாள். "கேட்டியா? நான் சொல்லும்போ பழைய ஆளு பேச்சு. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மா, ப்ளீஸ்."

"நான் ஒண்ணும் சொல்லல்ல."

வழிகாட்டி உதட்டில் விரலை வைத்தாள். சுபா கார்த்தியின் கையை உதறிவிட்டுத் தனியாக நின்றாள். ஆமை யாரையும் கவனிக்காமல் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. பிறகு மெதுவாகத் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அன்று செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

எங்களுக்கு வேலை பாக்கி இருந்தது. குழி தண்ணீருக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது, பெரிய அலை வந்தால் முட்டைகள் போய்விடும், அதனால் மேலே மாற்றப்போகிறோம் என்றாள் வழிகாட்டி. உதவலாம் என்றாள். கொஞ்சம் மேலே, மணல்மேட்டில், முன்பு இருந்த அதே ஆழத்துக்கு இன்னொரு குழி. முட்டைகளை உருட்டாமல், திருப்பாமல், எடுத்த மேனிக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். செண்பகம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். கடைசி முட்டையை வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பிள்ளகிட்ட ஒண்ணு கேளுங்க. பெத்த தள்ள ஒரு எடத்துல வச்சா. நம்ம இன்னொரு எடத்துல வச்சோம். பொறக்குகதுக்கு எது தாய்வீடு?"

இதை நான் ஆங்கிலத்தில் கேட்டேன். 'தாய்வீடு' என்பதற்கு அந்த மொழியில் தனிச்சொல் இல்லை; 'மதர்', 'ஹவுஸ்' என்று இரண்டு சாதாரணச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முதலில் சிரித்தாள். பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"கரை ஒன்றுதானே. சில அடி மேலே கீழே இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறோம். முழுசாக யாருக்கும் தெரியாது" என்றாள்.

நான் அப்படியே சொன்னேன்.

"கொள்ளாம்" என்றாள் செண்பகம். நல்ல பதில் என்றா, இவ்வளவுதானா என்றா? கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இன்னொரு குழியிலிருந்து குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கடல் பக்கம் வழி காட்ட, எங்களைக் காலை அகட்டி வரிசையாக நிற்கச் சொன்னார்கள். கால்களுக்கு நடுவே குஞ்சுகள் ஓடும். செண்பகம் விலகிக்கொண்டாள். "பிள்ளையள யாராவது கடப்பாளா? வளருமா அது?" சுபா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி நின்றாள். ஒரு குஞ்சு அவள் பாதத்தில் ஏறி, வழி தெரியாமல் சுற்றி, மறுபடி இறங்கி ஓடியது. அவள் சிரித்தாள். பல வாரம் கழித்து அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

5

காரில் வரும்போது சுபா தூங்கிவிட்டாள். செண்பகம் மெல்லக் கேட்டாள்: "இனயத்துப் பக்கம் ஒரு மீன்காரி சொன்னாளே, ஓர்மையிருக்கா?"

ஓர்மையிருந்தது. சுனாமிக்கு அடுத்த வருடங்களில் எங்கள் ஊர்ப் பக்கத்து மேற்குக் கடற்கரையில், இனயம் போன்ற இடங்களில், அலைத்தடுப்புக்குக் கருங்கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அளவு பார்க்கும் வேலையில் நான் அந்தப் பக்கம் அலைந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் தக்கலையில் கல்யாணம். போகும் வழியில் ஓர் இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று செண்பகத்தையும் கூட்டிப்போனேன். பட்டுப்புடவையோடு கல்லின்மேல் நின்றாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மணலில் ஒரு தடம். ஏதோ வண்டிச்சக்கரம் உருண்ட மாதிரி கடலிலிருந்து நேராகக் கல் வரை வந்தது. கல்லை ஒட்டியே கொஞ்ச தூரம் போனது. ஓர் இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. பிறகு அது திரும்பிக் கடலுக்கே போயிருந்தது. குழி எதுவும் இல்லை.

மீன் வாங்கக் கரையில் காத்திருந்த பெண்களில் ரோசம்மா என்று ஒருத்தி. அவள்தான் சொன்னாள்.

"பங்குனி ஆமையாக்கும் ஸாறே. பேறுகாலத்துக்கு வந்தவ. அம்ம வீட்டு வாசல்ல கல்லப் போட்டு அடச்சா அவ எங்க போய்ப் பெறுவா?"

"கல்லு போட்டது உங்க வீடு கடல்ல போயிரக்கூடாதுன்னு" என்றேன் நான்.

"அது செரிதான். போடாண்டாம்னு நான் சொல்லுகேனா? எனக்க வீடும் நிக்கணும், அவளுக்க அம்ம வீடும் தொறந்து கெடக்கணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி ஒங்க ஆபீசுல கெடையாதா?"

பக்கத்தில் நின்றவள் குறுக்கே விழுந்தாள். "ஏட்டி, ஸாறு கல்லுக்கு மட்டுந்தான். ஆமைக்கு வேற ஸாறு வருவாரு." எல்லோரும் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள். நான் கல்யாணத்துக்கு நேரமாகிறது என்றேன்.

கரும்புக்காட்டுக்கு நடுவே காரில் போய்க்கொண்டிருந்தபோது செண்பகம் அதை நினைவுபடுத்தியதோடு சரி. ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் மண்டை ஓடத் தொடங்கிவிட்டது. கரை ஒன்றுதான். சில அடி மேலே. அதே ஆழம்.

6

மறுநாளே வீடு தேடப் புறப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஊரில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் முன்பு இருந்த வீட்டுச் சொந்தக்காரரின் நற்சான்று வேண்டும். நான் ஆயுளில் வாடகைக்கு இருந்ததில்லை, சொந்த வீட்டில் இருந்தேன் என்றேன். அப்படியென்றால் உங்களைப் பற்றி யார் சொல்வார்கள் என்று ஏஜெண்டுப் பெண் கேட்டாள். எத்தனை பேருக்கு நற்சான்று கொடுத்தவன் நான்! கடைசியில் கார்த்தி ஜாமீன் கையெழுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் "சரிங்க மாமா" என்றார். இந்த முறை கொஞ்சம் வேகமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

விண்ணப்பத்தில் வீடு தேவைப்படும் காரணம் கேட்டிருந்தார்கள். மகளின் 'கன்ஃபைன்மென்ட்' என்று எழுதினேன். நம் பழைய ஆபீஸ் ஆங்கிலத்தில் பிரசவத்துக்கு அதுதான் மரியாதையான சொல். ஏஜெண்டுப் பெண் படித்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். இப்போது அந்தச் சொல்லுக்கு அடைத்துவைத்தல் என்றுதான் பொருளாம். கார்த்தி அரை மணி நேரம் பேசி என்னைக் காப்பாற்றினார்.

இரண்டு தெரு தள்ளி சின்ன வீடு. சாவியைச் செண்பகத்தின் கையில் கொடுத்துக் காரணத்தைச் சொன்னேன். அவள் சாவியைப் பார்த்தாள். "எனக்க பேருலயா?" என்றாள். "ரெண்டு பேரு பேருலயும்" என்றேன். உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டாள். அங்கே போனதும் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து திறந்து மூடினாள். யாரிடமும் கேட்கவில்லை.

சுபாதான் சீறினாள். "ரெண்டு தெரு தள்ளியா? அப்பா, இது நார்மலா உங்களுக்கு? எனக்கு ஒரு வீடு இருக்கு, எனக்கு ஒரு பெட் இருக்கு. நான் எங்கயும் வரல்ல."

கார்த்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எங்க அக்கா முதல் பிரசவத்துக்கு வந்தப்ப மூணு மாசம் எங்க வீட்டுலதான் இருந்துச்சு. அது சிரிச்சுட்டு இருந்தது அந்த மூணு மாசம்தான். அம்மா கூப்பிட்டா போயேன் சுபா."

அவருடைய அக்காவைப் பற்றி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. சுபாவும் அதிகம் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "கார்ல வேணா வரேன். ஊர்வலம் எல்லாம் கிடையாது" என்றாள்.

புது வீட்டு அடுப்பில் முந்திரிக்கொத்து பொரித்தோம். புகைக்கு அலாரம் அலறியது. நான் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினேன். பிறகு நாங்கள் இருவரும் தட்டுகளோடு முறைப்படி மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் மணியை அடித்தோம். அந்த வீட்டின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கார்த்தி கதவைத் திறந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றார். பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தியம்மா கம்ப்யூட்டர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "முறையா செஞ்சுட்டீங்க சம்பந்தி" என்று கண்ணைத் துடைத்தார். காரில் ஏறியதும் சுபா விக்கி விக்கி அழுதாள்.

"என்ன மக்கா?"

"தெரியலம்மா. ரெண்டு தெருதானே! ஏன் அழுகேன்னே தெரியல."

இத்தனை வருடம் கழித்து அவள் வாயில் அந்த ஊர்ப்பேச்சு 'அழுகேன்' வந்ததை நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை. செண்பகம் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு தெருவையும் கடக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று காரோட்டிக்கொண்டிருந்த எனக்குக் கண்ணால் சொன்னாள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் போனேன்.

7

பங்குனியில் பேத்தி பிறந்தாள். மூன்று மாதம் அந்தச் சின்ன வீட்டில் குழந்தையின் சத்தமும் காயப்போட்ட துணியும் மருந்துக்குழம்பு வாசனையும் இருந்தன. கார்த்தி தினமும் சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்து போனார். பிறகு நல்ல நாள் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டு விட்டோம்.

நடைமுறை முடிந்தது. நான் திரும்பி வந்து எங்கள் பெட்டிகளைக் கட்டினேன். செண்பகம் சமையலறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்க சேலையெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"நீங்க எங்க போறியோ?"

"சுபா வீட்டுக்கு. வேற எங்க?"

"நான் வரல்ல."

"அந்தக் காரியம் முடிஞ்சாச்சுல்லா? ரெண்டாவது பிரசவம் மாப்பிள்ள வீட்டுலதான். அதுதான் முறை" என்றேன். முறை என்று வந்தால் நான் தோற்பதில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பெறுகதுக்கு மட்டும் வந்துட்டுப் போவதுக்கு அவ என்ன ஆமையா? மாப்பிள்ளகிட்ட கோவிச்சிட்டு வந்தா எங்க வருவா? நம்ம அந்த வீட்டுக்குள்ளயே இருந்தா, அவ கதவ அடிச்சுச் சாத்தீட்டு எங்க போய் நிப்பா?"

மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லையே என்றேன்.

"நல்ல ஆளுதான். அதுக்காக?"

கட்டிய பெட்டிகளை அவிழ்த்துவிட்டு ஒப்பந்தத்தை இன்னும் ஒன்பது மாதத்துக்கு நீட்டினேன். அந்தக் கெடுதான் இப்போது முடிகிறது. வேண்டாம் என்பதற்கு நிறையக் காரணங்கள் இருக்கின்றன. எனக்கே இரண்டு பக்கம் எழுத வரும். சுபாவும் பிறந்தநாள் முடிந்த அன்றே சொன்னாள்: "அப்பா, வேஸ்ட். திரும்ப வந்துடுங்க. ரூம் சும்மா கிடக்கு." கார்த்தி "சரிங்க" என்றார். காலி செய்வதாக எழுதி வைத்துவிட்டு, அதை அனுப்புவதா கிழிப்பதா என்று இரண்டு நாளாகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுத ஆரம்பித்ததும் அதனால்தான்.

நேற்று மத்தியானம் வாசலில் சத்தம். சுபா. இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு பை. மணி அடிக்கவில்லை. செருப்பு ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகக் கழற்றி எறிந்தாள். குழந்தையை என் மடியில் போட்டாள். நேராக உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"என்ன மக்கா ஆச்சு?" என்று நான் எழுந்தேன். செண்பகம் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உள்ளே போய் ஒன்றும் கேட்காமல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வந்து, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போன் அடித்தது. முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"எங்கயா? அம்மா வீட்டுல" என்றாள் சுபா. வைத்துவிட்டாள்.

செண்பகம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கார்த்தி பழத்தோடு வந்து வாசலில் நின்றார். "சும்மா, இப்படியே போனேனுங்க மாமா" என்றார். "உக்காருங்க மாப்பிள்ள, அவ தூங்குகா" என்றாள் செண்பகம். என்ன சண்டை, யார் பக்கம் தப்பு, ஏதாவது செய்ய வேண்டுமா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இருட்டும்போது மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். புறப்படும்போது செண்பகம் செருப்பு இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்தாள், சுபா போட்டுக்கொள்ள வசதியாக.

இன்று காலை ஏஜெண்டு ஆபீசுக்குப் போய் மேலும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அதே பெண்தான் இருந்தாள். வீடு தேவைப்படும் காரணத்தை மறுபடியும் கேட்டிருந்தார்கள். அவள் நான் என்ன எழுதப்போகிறேன் என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கி முத்திரை வைத்துவிட்டாள்.